பொறிக்கோலுக்கு ஒரு பொன்னாடை

ஞானசிகாமணி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சாவதற்குள் தமிழுக்கு ஒரு சொல்லாவது கொடுத்துவிட்டுத்தான் போவது. சாவுக்கு அவசரமில்லை. ஆனால் தெருச் சங்கத்தின் ஆண்டு விழா கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஆகவே அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அவர். எந்தக் காரியத்தையும் சாதாரணமாக ஆரம்பித்த மனிதர் அல்ல. ஊரைக் கூட்டி ஆரம்பிப்பார். முடிப்பதுதான் அவர் இலாகாவில் வராது. குறுக்குத்துறைக்கு நீச்சல் பழகப் போனவர், இடுப்பளவுத் தண்ணீர் வரை பழகிவிட்டுக் கரையேறினார். வீட்டு கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார். இடது கதவு பச்சை, வலது கதவு துரு. வருஷக்கணக்காக அப்படியேதான் நிற்கிறது. கூரியர்க்காரர்களுக்கு வழி சொல்ல வசதியாக இருக்கிறது என்பது அவர் கட்சி.

இந்த வருஷம் விழாவில் புதுத் தமிழ்ச்சொல்லுக்குப் பொன்னாடை உண்டு என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்ததே அவர்தான். விதியும் அவர் போட்டதுதான்.

“ஒருத்தன் பேப்பர்ல எழுதிக் குடுத்தா சொல்லு ஆயிராது. யாரும் சொல்லிக்குடுக்காம, தெருக்காரங்க வாயில தானா வரணும். அதுதான் சொல்லு!”

சங்கத் தலைவர் அசன் மைதீன் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். தெருவின் வாய் அத்தனையும் தினம் ஒரு தடவையாவது அவர் கடையில் வந்து திறக்கும். அதனால் அவரே நடுவர் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை அடுக்களையில் தமிழ் வளரத் தொடங்கியது.

“ஏங்க, லைட்டர எங்க வச்சிய?” என்றாள் மனைவி பாக்கியவதி.

“லைட்டரா? அப்படி ஒண்ணு இந்த வீட்டுல கெடையாது.”

“நேத்து இருந்துதே.”

“நேத்து இருந்தது லைட்டர். இன்னைக்கு அது பொறிக்கோல். பொறி பறக்குத கோலு. எப்படி?”

“அடுப்பு பத்துமா?”

“பத்தும்.”

“அப்ப பேரு எதுவா இருந்தா என்ன? குடுங்க.”

“பேரச் சொல்லிக் கேளு.”

பாக்கியவதி தீப்பெட்டியை எடுத்து அடுப்பைப் பற்றவைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷன் பேரையே அவள் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஏங்க’தான். ஆறு எழுத்துப் பேரையே சொல்லாதவள் லைட்டரின் புதுப் பேரையா சொல்லப் போகிறாள்?

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு முத்துராணி காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

“யக்கா, இந்தக் கூத்தக் கேளுங்க. ஃபேனத் தொடைக்கேன், யாரும் குறுக்க வரக்கூடாதுன்னு வீட்டையே ரெண்டாக்குனாரு எங்க வீட்டுக்காரரு. ஒரு றெக்கையத் தொடச்சாரு. ஸ்டூல விட்டு எறங்கிட்டாரு.”

பாக்கியவதி சுவரோரம் போய்ப் பைய என்னவோ சொன்னாள். முத்துராணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஞானசிகாமணிக்கு அதைக் காதில் வாங்க நேரமில்லை. பொறிக்கோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தெருவுக்குப் புறப்பட்டுவிட்டார்.

முதலில் அசன் மைதீன் கடை.

“அண்ணாச்சி, ஒரு பொறிக்கோல் குடுங்க.”

“பொரி சனிக்கெழமதான் வரும் வே.”

“பொரி இல்ல, பொறிக்கோல். அடுப்புப் பத்தவைக்கதுக்கு.”

“லைட்டரா? அதச் சொல்லும். பைக்குள்ள ஒண்ணு இருக்கே, பொறவு எதுக்கு இன்னொண்ணு?”

தமிழுக்காக என்று சொல்ல வாயெடுத்தவர், பேசாமல் ஒன்றை வாங்கிக்கொண்டார். அந்த வாரம் மாவு மில்லில் சொன்னார். சர்ச் வாசலில் சொன்னார். பேருந்து நிறுத்தத்தில், சிகரெட் பிடிக்கிற ஒருவரிடமும் சொன்னார். அவர் பயந்து சிகரெட்டை அணைத்துவிட்டார். அடுத்த வாரம் ஞானசிகாமணிக்கு அலுத்துவிட்டது. விதை போட்டாயிற்று, இனி தானாக முளைக்கும் என்று ஈசிசேரில் சாய்ந்துவிட்டார்.

முளைக்கத்தான் செய்தது. ஒரு நாள் சாயங்காலம் தையல் கடையைத் தாண்டும்போது உள்ளே இருந்து “சிகாமணி” என்று ஒரு குரல் கேட்டது. அவர் நின்றார். பேச்சும் நின்றது. மாவு மில்லிலும் “சிகாமணி”. அவர் தலையைப் பார்த்ததும் எல்லோரும் மாவைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள்கூட “சிகாமணி, சிகாமணி” என்று எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு ஓடின. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சொல்லைச் சொல்வதற்கு முன்பே சொல்லைத் தந்தவனைச் சொல்கிறார்களே! என்ன ஜனங்கள்!

“ஏட்டி, தெருவுல எங்க பாத்தாலும் என் பேராத்தான் கேக்கு.”

“நானும் கேட்டேங்க.”

“என்ன பேசிக்கிடுதாவ?”

“எல்லாருந்தான் சொல்லுதாவ. ஆம்பள பொம்பளன்னு இல்ல, சின்னஞ்சிறுசு வரைக்கும்.”

“பொறாமையா?”

“சேச்சே. ரொம்பப் பிரியமாத்தான் சொல்லுதாவ.”

ஞானசிகாமணி அன்றே வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

விழா அன்று முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்தார். மேடையில் மேசை மேல் பொன்னாடை மினுமினுத்தது. அசன் மைதீன் மைக்கைத் தட்டினார்.

“இந்த வருசத்துச் சொல்ல அறிவிக்கப் போறேன். பொறிக்கோல்னு ஒரு சொல்லு வந்துது. நல்ல சொல்லுதான். ஆனா ஒருத்தரு வாயில இருந்துதான் கேட்டேன். பொன்னாடைக்குரிய சொல்லு வேற. கடையில ஒக்காந்து என் காதால தெனமும் கேட்ட சொல்லு அது. சிகாமணி...”

ஞானசிகாமணி அதற்கு மேல் கேட்கவில்லை. எழுந்தார். மேடையேறினார். பொன்னாடை விழ வசதியாகத் தலையைக் குனிந்தார்.

“...பண்ணுதது!” என்று முடித்தார் அசன் மைதீன். “சிகாமணி பண்ணுததுன்னா, ஊரக் கூட்டி ஆரம்பிச்சுப் பாதியில விட்டுட்டுப் போறது. ‘வீட்டுப்பாடத்தச் சிகாமணி பண்ணிட்டேன்’னு ஒரு பிள்ள சொல்லுது. ‘சட்டையச் சிகாமணி பண்ணிராதிய, கிறிஸ்மசுக்குள்ள தச்சு முடிங்க’ன்னு தையக்காரர்ட்ட ஒரு அம்மா சொல்லுதாவ. ஒத்தச் சொல்லுல எம்புட்டு அர்த்தம்! இத உண்டாக்குனது பாக்கியவதித் தங்கச்சி. மேடைக்கு வாம்மா!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. குனிந்த தலைக்கு மேலே போன பொன்னாடை, பின்னால் வந்து நின்ற பாக்கியவதியின் தோளில் விழுந்தது. குனிந்தவர் அவசரமாகச் செருப்பைச் சரிசெய்வதுபோல் ஒரு பாவனை பண்ணிக்கொண்டு நிமிர்ந்தார்.

“இது செல்லாது அண்ணாச்சி! என் பேரு எப்படிச் சொல்லு ஆகும்?”

“விதி நீரு போட்டது வே. யாரும் சொல்லிக்குடுக்காம வாயில தானா வரணும்னு. வந்துட்டுல்லா?”

அவர் மனைவி பக்கம் திரும்பினார். “ஏட்டி, இத்தன வருசத்துல என் பேர நீ சொன்னதே கெடையாதே!”

“புருசன் பேரச் சொல்லக் கூடாதுன்னுதாங்க எங்க அம்மா சொன்னா. அந்தப் பேர ஒரு வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லலையே.”

கூட்டம் மறுபடி கைதட்டியது. ஞானசிகாமணிக்கு வயிறெரிந்தது. ஆனால் பொன்னாடையில் அவளைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதில் வேறு அவருக்குக் கோபம் இரட்டிப்பாயிற்று.

இரவெல்லாம் யோசித்தார். அந்தச் சொல்லைத் தமிழிலிருந்தே ஒழித்துக்கட்ட வேண்டும். அதற்கு அதன் ஆணிவேரைப் பிடுங்க வேண்டும். ஆணிவேர் எது? வீட்டு கேட்! வலது கதவும் பச்சையாகிவிட்டால் ஊர் எதைக் காட்டிச் சிரிக்கும்?

விடிந்ததும் பெயிண்டர் சங்கிலிபூதத்தானை வரவழைத்தார். பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். சாயங்காலத்துக்குள் கதவு முக்கால்வாசி பச்சையாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டுவந்த பிள்ளைகள் வாயடைத்து நின்றன. முத்துராணி சுவருக்கு மேலிருந்து கண்கொட்டாமல் பார்த்தாள். நடந்தது தெரிந்து அசன் மைதீனே கடையை விட்டு இறங்கி வந்துவிட்டார். ஞானசிகாமணி மீசையை முறுக்கினார். அந்தச் சொல்லுக்கு இன்றோடு முடிவு.

அப்போது சங்கிலிபூதத்தானுக்கு ஒரு போன் வந்தது. பேசினான். பிரஷைத் துடைத்தான். டப்பாவை மூடினான். கீழ்க் கம்பிகள் துருவாகவே நிற்க, பைக்கை உதைத்தான்.

“அண்ணாச்சி, அவசரமா வண்ணாரப்பேட்ட வரைக்கும் போகணும். பொறவு வாறேன்.”

ஞானசிகாமணி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். ரத்தம் தலைக்கேறிவிட்டது. வாயில் தானாக வந்தது.

“ஏலே! வேலைய இப்படிச் சிகாமணி பண்ணிட்டுப் போறியே, நீ வெளங்குவியாலே?”

பைக் அப்படியே நின்றது. அசன் மைதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வானத்தைப் பார்த்தார்.

அடுக்களை ஜன்னலிலிருந்து பாக்கியவதியின் குரல் வந்தது.

“நீங்களே சொல்லிட்டிய. இனிமே அது தமிழ்தாங்க.”