ஏழாம் நம்பர் மலைப் பாம்பும் என் வலது கண்ணும்

கண்ணுக்குள் ஓடும் அணுக்களுக்குக் கணக்குப் போடும் என் மகள் விக்னேஸ்வரிக்கு, தேயிலைத் தோட்டத்து மாஜி கங்காணி, உன் அப்பன் நாகப்பன் எழுதுவது. நான், உன் அம்மா சீதா, பூனை மூவரும் நலம். என் வலது கண்ணும் நலம். போனில் குறுக்கே பேசுவாய், வீடியோவில் கண்ணைக் காட்டு என்பாய், அதனால்தான் கடிதம்.

போன மாதம் லாப்டாப்பில் நீ காட்டிய புள்ளிப் படத்தை யோசித்தேன். நோயை விரட்ட வேண்டிய அணுக்கள் புத்தி மாறி நம் கண்ணையே எதிரி என்று நினைத்து உள்ளே நுழைகின்றன, வந்தவை இன்னும் பத்துப் பேரைக் கூப்பிடுகின்றன, எது எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகும் என்று நீ சமன்பாடு போடுகிறாய். டாக்டர் பட்டத்துக்கு நாலு வருஷம், ஏசி ரூம். அடேயப்பா! என்னைக் கேட்டிருந்தால் ஒரு கிளாஸ் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சொல்லியிருப்பேனே! நான் கங்காணியாக இருந்தபோது ஒரு நாள், ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்த மாரியம்மா "ஐயோ, பாம்பு!" என்று கத்தினாள். பக்கத்து நிரை ஆட்கள் ஓடி வந்தார்கள், வந்தவர்களும் கத்தினார்கள், அந்தச் சத்தத்துக்கு ஆறாம் நம்பர் ஆட்களும் கம்போடு வந்துட்டாங்க. கிடந்தது மருந்தடிக்கிற ரப்பர் குழாய். செடியை நாசம் பண்ணியது நம்ம ஆளுங்க காலுதான். துரை வந்து, "பாம்பு எங்க கங்காணி? என் செடி எங்க?" என்றார். நான் சின்னக்கருப்பனை அங்கேயே காவல் நிறுத்தி, "எவளும் வாயத் தொறக்கக் கூடாதுலா" என்றேன். சத்தம் நின்றது, கூட்டம் கலைந்தது. எனக்கு யாராவது டாக்டர் பட்டம் கொடுத்தாங்களா?

என் வலது கண்ணிலும் அதே அணுக் கூட்டம்தான் என்று கண்டுபிடித்த தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "சொட்டு மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க, பார்வை போயிடும்" என்றார். சிவப்புப் போச்சு, வலி போச்சு, கூட்டமே இல்லாத இடத்தில் காவல் எதுக்கு? மருந்தை நிறுத்தி மூன்று வாரமாச்சு. உன் அம்மா, "புள்ளைகிட்ட சொல்லிருவேன்" என்று மிரட்டுகிறாள். சொல்லட்டும்லா. நீ லீவு போட்டு மலையேறி வர வேண்டாம். உன் புள்ளிகள் பாவம், நீ இல்லாமல் வழி தெரியாமல் நிற்கும்.

ஏசியில் ஸ்வெட்டர் போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் கணக்கை முடித்து நீ பெரிய ஆளாக வர, லயத்துக் கோவில் அம்மன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அன்புள்ள அப்பா,
நாகப்பன்

பி.கு.: கடிதத்தைப் படித்துவிட்டு உன் அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "கூட்டம் இல்லைன்னு மறுநாளே சின்னக்கருப்பன அனுப்பிட்டீங்களே, அப்புறம் என்னா ஆச்சு?" குழாய் அதே இடத்தில்தான் கிடந்தது. மாரியம்மா மறுபடியும் கத்தினாள். மீதிச் செடியும் போச்சு. இதை எழுத விட்டுப்போச்சு. முந்தாநாளிலிருந்து வலது கண் ரத்தமாகச் சிவந்து, எழுதுகிற கோடே புகையாகத் தெரிவதையும் எழுத விட்டுப்போச்சு. நாளைக்கு முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். தபால் போய்ச் சேர நாளாகும் என்று உன் அம்மா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். மறுநாள் நடந்ததையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள். பயமா இருக்கும்மா. நீ வா.