நானெல்லாம் என்ன பண்ணிட்டேன்?

தற்பெருமைக்காரனைக் கண்டு பயப்படாதீர்கள்! பாவம், அவன் அப்பாவி. பெருமையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருவான், நாம் எதிர்ச்சாரிக்குத் தாவிவிடலாம். பயப்பட வேண்டியது அடக்கக்காரருக்குத்தான். தன் புகழைத் தான் பாடமாட்டார், நம்மைப் பாடவைப்பார். சட்டை நன்றாயிருக்கிறது என்றால் "சே, பழசுங்க" என்பார். "பழசு மாதிரியே தெரியலையே!" என்று நாம் சொல்லும்வரை நகரமாட்டார்.

ஓர் அச்சகத்து மெக்கானிக் இந்த இனத்தில் முதல் ரகம். ஃபோர்மேன் ஓய்வுபெறப் போகிறார். அந்த நாற்காலிமேல் இவருக்குப் பதினோரு வருடக் கண். அதற்கேற்றாற்போல் பெரிய மெஷினும் படுத்துக்கொண்டது. மூன்று நாள் அதனடியில் மல்லாந்து கிடந்து, முழங்கைவரை மசியாகி, பல்சக்கரத்தில் உடைந்த ஒரே ஒரு பல்லைக் கண்டுபிடித்து, மாற்றி, ஓடவைத்தவர் இவர்தான். முதலாளி எல்லாரையும் கூட்டி நிறுத்தினார்.

"யாருப்பா சரி பண்ணது?"

'நான்தான்' என்று சொல்ல மெக்கானிக் வாயெடுத்தார். ஆனால் பழக்கம் விடுமா?

"நானெல்லாம் என்ன சார் பண்ணிட்டேன்? ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் தலைகுனிந்து காத்திருந்தார். இப்போது யாராவது 'அவர் சொல்றத நம்பாதீங்க சார்!' என்று கத்த வேண்டும். ஒரு விநாடி. இரண்டு விநாடி. யாருமே கத்தவில்லை!

காகிதம் வெட்டும் பிரிவில் 'தம்பட்டம்' என்று பெயரெடுத்த ஒருவர் முன்னால் வந்தார். "எங்க கை வைக்கணும்னு நான்தான் சார் பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"சபாஷ்! அடுத்த ஃபோர்மேன் நீதான்யா!"

மெக்கானிக் நேரே பைண்டிங் பிரிவுப் பெண்ணிடம் பாய்ந்தார். மூன்று நாளும் அவருக்கு டார்ச் பிடித்தவள் அவள்.

"நீயாவது வாயத் தொறந்திருக்கலாமேம்மா?"

"சும்மா நின்னேன்னு நீங்களே சொல்றீங்க. முதலாளி முன்னாடி உங்களப் பொய்யர்னு சொல்லச் சொல்றீங்களாண்ணே?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமூச்சு விட்டார். "பதவியெல்லாம் நமக்கு எதுக்கு, விடு."

"அதானே! உங்களுக்கு எதுக்குங்க அந்தத் தலைவலி?"

மனிதர் அன்று சாப்பிடவில்லை.

சிரிக்கிறீர்களா? 'நமக்கு அந்தப் புத்தியே கிடையாது, நான் ரொம்பச் சாதாரண ஆளுங்க' என்கிறீர்களா? சரி, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் ரொம்பச் சாதாரண ஆள்தான்.

அட, ஏன் முகம் சுருங்குகிறது?