பால்கோவாக்காரர் வீட்டுக்குப் பாலில்லாத கேக்கு

ராஜபாளையத்தில் இப்போது புதிதாக ஒரு இனம் பெருகிக்கொண்டு வருகிறது. வீட்டில் ஓவன் வாங்கி வைத்து, பால், வெண்ணெய், முட்டை மூன்றையும் வாசலோடு அனுப்பிவிட்டு, கேக்கு, பிஸ்கட், ரொட்டி சுடுகிற இனம். வீகன் என்று பெயர். சுடுவதோடு நிறுத்தினால் நமக்கென்ன வந்தது? சுட்டதை நம் வாயில் திணித்துவிட்டு, நாம் மென்று முடிக்கிற வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள் பாருங்கள், அங்கேதான் வினை.

"வெண்ணெய் இல்லைன்னு தெரியுதா?"

தெரியாமல்? கடைவாய்ப் பல்லுக்கே தெரிகிறதே!

மாரிச்செல்விக்கு வாய்த்த புருஷன் கௌதம்ராஜ் இந்த இனத்துக்கே தலைவர். நூல் மில்லில் சூப்பர்வைசர். ஒருநாள் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்தார். மறுநாள் காலையில் பால்காரரை நிறுத்திவிட்டார். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்தால் முட்டை மாதிரி நுரைக்குமாம். அன்றிலிருந்து அந்த வீட்டு ஃபிரிட்ஜில் கடலைத் தண்ணீர் பாட்டில் பாட்டிலாக நிற்கிறது, கத்தரிக்காய் வெளியே கிடந்து வாடுகிறது. முதல் ரொட்டியைத் தெரு நாய்க்குப் போட்டார்கள். ராஜபாளையத்து நாய்! சிறுத்தை வந்தாலும் முறைத்துப் பார்க்கிற வம்சம். ஒரே ஒரு மோப்பம்தான் பிடித்தது. அப்புறம் அது அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாரிச்செல்வியின் தம்பி வினோத்துக்குச் சேத்தூரிலிருந்து பெண்வீட்டார் வந்தபோது, பிஸ்கட்டைக் கடித்த பெரியவரின் முன்பல் தட்டிலேயே விழுந்தது. பல்லோடு சம்பந்தமும் போயிற்று.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு இடம் கூடிவந்திருந்தது. பெண்ணுக்கு அப்பா தங்கச்சாமி. தொழில்? பால்கோவாக் கடை!

"ஏங்க, கும்பிட்டுக் கேக்கேன். அங்க போயி பாலப் பத்தி வாயத் தொறந்துறாதிய. தம்பிக்கு இதுவும் போச்சுன்னா பொறவு பொண்ணு கிடைக்காது."

"நான் எதுக்குட்டி பேசுதேன்?"

பேசவில்லைதான். பெண் வீட்டில் பூ வைக்க உட்கார்ந்து தட்டைத் திறந்தால், மாரிச்செல்வி அடுக்கி வைத்த நெய் லட்டைக் காணோம். அந்த இடத்தில் செங்கல் நிறத்தில் ஒரு கேக்கு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

"லட்டு எங்கங்க?" என்று பல்லைக் கடித்தாள்.

"மில்லு வாட்ச்மேன்ட்ட குடுத்துட்டேன். நெய்யில்லா?"

தங்கச்சாமி கேக்கை உற்றுப் பார்த்தார். அப்போதுதான் நம்ம ஆளுக்கு வாய் அரிப்பு எடுத்தது.

"மாமா, இதுல ஒரு சொட்டுப் பால் கிடையாது."

பால்கோவாவிலேயே கட்டிய வீடு அது. சுவரை நக்கினால் இனிக்கும்.

"பாலே இல்லையா?" என்றார் தங்கச்சாமி.

"இல்ல மாமா."

"வெண்ணெ?"

"வாசன கூடக் கிடையாது."

"தயிரு, மோரு?"

"ம்ஹூம்."

ஒவ்வொரு கேள்விக்கும் மாரிச்செல்வி ஒரு சாண் தரைக்குள் இறங்கினாள். வினோத் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

தங்கச்சாமி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொரு துண்டு. அப்புறம் தட்டையே தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சத்தில் அடிபட்டவர் மாதிரி வழித்து வழித்துத் தின்றார். கண்ணில் தண்ணீர்.

அவர் சம்சாரம் வெள்ளைத்தாய் மாரிச்செல்வியின் காதோடு சொன்னார்: "எங்க வீட்டுக்காரவியளுக்குப் பாலு பட்டாலே வயித்தால போகும், தாயி. பால்கோவாக் கடைய வச்சிக்கிட்டு இத வெளிய சொல்ல முடியுமா? சரக்க ருசி பாக்கதெல்லாம் நாந்தான். எந்த விசேசத்துலயும் அவிய இனிப்பத் தொட்டதே கிடையாது."

"தம்பி, பொண்ண உங்க வீட்டுக்குத் தாரேன்," என்றார் தங்கச்சாமி கௌதம்ராஜிடம், வாய் நிறையக் கேக்கோடு. "இத எப்படிச் சுடுதிய, அத மட்டும் சொல்லிக் குடுங்க."

மாரிச்செல்வி அன்றைக்கு விட்ட பெருமூச்சில் தட்டிலிருந்த மல்லிகைப்பூ பறந்தது. தம்பி கரையேறிவிட்டான்! ஆனால் ஒரு கிறுக்கு இருந்த இடத்தில் இப்போது ரெண்டு. சம்பந்தியும் புருஷனும் தினமும் போனில் கடலைத் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார்கள். கல்யாணப் பந்தியில் மோர் கிடையாதாம், முடிவே பண்ணிவிட்டார்கள். இனி அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நாளைக்குச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டப் போகும்போது மட்டும் உங்கள் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். "அடித்தால் நுரைக்குமோ?" என்று அது செத்த நேரம் நின்றால் போச்சு. உங்கள் தெரு நாய் அப்போதே மூட்டை கட்ட ஆரம்பித்திருக்கும்.