ஏ பக்கம் நான், பி பக்கம் கமீலா

இனிமேல் டேப் கெசட்டில் பாடிப் பதிவதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை முடிவெடுத்தேன். கல்முனை பசாரில் புடவைக் கடை வைத்திருந்தாலும் நான் பிறவிப் பாடகன். என் குரலில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வீட்டு டேப்பில். எதைப் பாடிப் பதிந்தாலும் பின்னால் மழை பெய்கிற மாதிரி இரைச்சல்.

கட்டாரிலிருந்து லீவில் வந்த என் கூட்டாளி காலிதீன் மினிடிஸ்க் மெசின் ஒன்று கொண்டு வந்திருந்தான். டிஜிட்டல். தன் தும்மலைப் பதிந்து போட்டுக் காட்டினான். அப்படியொரு சுத்தமான தும்மலை நான் கேட்டதில்லை.

என் மனைவி கமீலாவின் அண்ணன் பதியுதீன் காக்காவும் கட்டாரில்தான். ஊருக்கு வருகிற ஒருவர் கையில் ஒரேயொரு சாமான் அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார். கமீலாவுக்குத் தையல் மெசின் வேண்டும். எனக்கு மினிடிஸ்க்.

“டேப் நல்லாத்தானே இரிக்கி?” என்றாள்.

“இரைச்சல் கேக்கல்லயா உனக்கு?”

“கேக்குது. அதுக்குள்ள நீங்களும் கேக்குறீங்க.”

“டிஜிட்டல்ல நான் மட்டும்தான் கேப்பன்!”

கமீலா கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப காக்காட்டயே கேளுங்க. வெறும் கதையா அனுப்பாம பாட்டும் பாடி அனுப்புங்க. அப்பதான் அவருக்கு வெளங்கும்.”

இவ்வளவு லேசாக இறங்கி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் பக்கம் வெளிநாட்டுக்குக் கடிதம் கெசட்டில்தான் போகும். ஏ பக்கம் ஆண்கள், பி பக்கம் பெண்கள். அனுப்புகிற வீட்டில் ஒருவர் பக்கத்தை மற்றவர் கேட்பதில்லை. அது மரியாதை. ஏ பக்கம் முழுக்க அனலொக்கின் தீமைகளையும் டிஜிட்டலின் சிறப்பையும் விளக்கி, சாட்சிக்கு மூன்று பாட்டுப் பாடினேன். இரைச்சல் நன்றாக விழட்டும் என்று ஃபேனையும் போட்டேன். கமீலா பி பக்கத்தில் இரண்டு நிமிசம்கூடப் பேசவில்லை.

“என்ன சொன்ன?”

“சலாம் சொன்னன். வேற என்ன?”

அடுத்த மாதம் பெட்டி வந்தது. பிஸ்மி சொல்லித் திறந்தேன். தையல் மெசின். மனம் விழுந்துவிட்டது. கூடவே வந்த கெசட்டைப் போட்டேன். பதியுதீன் பேசினார்:

“மச்சான், மூணு பாட்டும் கேட்டன். மத்தப் பக்கத்தில கமீலா, ‘காக்கா, அந்தப் பாட்டுகளக் கேட்டுப் பாருங்க. இந்த இரைச்சலும் இல்லாட்டி எங்கட கெதி என்ன?’ எண்டு அழாக்குறையாக் கேட்டிரிக்கா. ஞாயம்தானே? கோவிக்காதீங்க.”

திரும்பிப் பார்த்தேன். கமீலா நூல் கோத்து, சுவிட்சைப் போட்டு, மெசினைக் கடகடவென்று ஓடவிட்டாள்.

“இப்ப பாடுங்க” என்றாள்.