கரண்டில் சீறும் பேய்

இருளப்பனின் மெஷின், வாங்கிய கடையில் சீறவில்லை, வீட்டில் சீறியது. அதே மெஷின், அதே மாஸ்க், அதே மூக்கு. கடையில் மாட்டிப் பார்த்தபோது காற்று சத்தமில்லாமல் போனது. வீட்டில் பாயை விரித்துப் படுத்தால் கண்ணோரத்தில் 'உஸ்ஸ்' என்று பாம்பாய்ச் சீறியது. விடிந்து பார்த்தால் மாஸ்க் ஒரு மூலையில் கிடக்கும். இருளப்பன் இன்னொரு மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். ஏனென்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

மெஷின் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். தூங்கும்போது சிலருக்குத் தொண்டைச் சதை தளர்ந்து, காற்று இறங்கிய சைக்கிள் டியூப்போல ஒட்டிக்கொள்ளும். மூச்சு அடைபடும். உடம்பு திடுக்கிட்டு விழிக்கும், இழுத்து மூச்சுவிடும், மறுபடி அடைபடும். இரவெல்லாம் இதே கூத்து. மெஷின் மூக்கு வழியே மெதுவாகக் காற்றைத் தள்ளி, அந்த டியூபை ஒட்டவிடாமல் வைத்திருக்கும். மந்திரம் ஒன்றுமில்லை.

இருளப்பன் ராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்குக் கல்லூரி பஸ் ஓட்டுகிறவர். ஒருநாள் ஸ்டியரிங்கிலேயே கண் செருக, பஸ் ஒரு புளியமரத்தை நலம் விசாரித்துவிட்டு நின்றது. பிள்ளைகள் தப்பித்தார்கள். "மெஷினைத் தினமும் போட்டுத் தூங்கியதாக அதன் பதிவு காட்டட்டும், அப்போது சாவி தருகிறோம்" என்றது நிர்வாகம். அதுவரை அவருக்குப் பஸ் கழுவும் வேலை.

காரணம் தெரியாதவர்களுக்குக் காரணம் விற்கிறவர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். மூச்சுச் சித்தர். அவருடைய தகரக் கொட்டகையில் இருந்த கூட்டம் பால்கோவா கடைகளில்கூட இல்லை. குறட்டைக்காரர்கள், அவர்களால் தூக்கம் கெட்ட மனைவிமார்கள், மெஷின் பையைத் தோளில் மாட்டிய நோயாளிகள். கோர்ட்டில் சாட்சி கேட்டுக் குடைகிற வக்கீல் ஒருவர் இங்கே வாய்பொத்தி நின்றார்.

சித்தர் இருளப்பனின் மாஸ்க்கைக் கையில் வாங்கினார்.

"ஒன் நெஞ்சுமேல ஏறி உக்காந்து ஒருத்தன் அமுக்குதான்ல, அவன் பேரு அமுக்குவான் பேயி. மெஷினு காத்துல அவனுக்கு இருப்புக் கொள்ளல. அதான் சீறுதான்."

கிண்ணத்து எண்ணெயை இருளப்பன் முகத்தில் தடவினார், மாஸ்க்கை மாட்டினார், சுவிட்சைப் போட்டார். உஸ்ஸ். கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பேயும் போனது. கரண்ட் வந்தது. பேயும் வந்தது. மின்வாரியத்துக்குக் கட்டுப்பட்ட பேய். யாரும் அதை யோசிக்கவில்லை. சித்தர் மஞ்சள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்து மறுபடி மாட்டினார். சீறல் நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ராத்திரி இந்த எண்ணெயத் தடவிட்டு மாட்டு. சீறுனா பயப்படாத, அவன் கெளம்புதான்னு அர்த்தம். சீறல் நிக்கிற வரைக்கும் வாரா வாரம் வந்து பாட்டில் வாங்கிட்டுப் போ."

சீறல் கூடியது. பாட்டில்களும் கூடின.

ஒரு காலையில் மெஷின் கடை ஃபாயிஸா வீட்டுக்கு வந்தாள். வாங்கியவர்கள் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று விசாரித்து உதவுவது அவள் வேலை.

"அண்ணாச்சி, காத்து ஒழுகிக்கிட்டே இருக்குன்னு மெஷின் பதிவு சொல்லுது. படுக்கதுக்கு முன்னால என்ன செய்றீய?"

"பேய ஓட்டுதேன் தாயி."

அவர் மனைவி பொன்மணி குறுக்கிட்டாள். "முன்னால தலைக்குத் தேச்ச எண்ணெயில மிச்சத்த மூஞ்சில வழிப்பாவ. இப்ப சித்தர் பாட்டிலயே கவுக்காவ. தலகாணியப் பிழிஞ்சா அப்பளம் பொரிக்கலாம்."

"கடைக்கு வந்த அன்னைக்கு?"

"டாக்டரப் பாத்துட்டுல்லா வந்தேன். சோப்புப் போட்டு மூஞ்சி கழுவியிருந்தேன்" என்றார் இருளப்பன்.

ஃபாயிஸா சிரித்துவிட்டாள். "அடுத்த வாரம் சித்தரப் பாக்க நானும் வாரேன்."

வந்தாள், கையில் ஒரு புது மாஸ்க்கோடு. மெஷினைத் தூக்கிக்கொண்டு இருளப்பனும் பொன்மணியும் கூட வந்தார்கள்.

"சாமி, ஒங்க மொகத்துல ஒருக்க மாட்டிப் பாப்பமா?"

"தாராளமா. சுத்தமான தேகத்துல அவனுக்கு என்ன சோலி?"

மாட்டினார். ஃபாயிஸா சுவிட்சைப் போட்டாள். சத்தமில்லை. கூட்டம் கும்பிட்டது.

"இப்ப ஒங்க எண்ணெயக் கொஞ்சம் தடவிக்கிடுங்க."

சித்தரின் விரல் கிண்ணத்துக்கு மேலேயே நின்றது. "எனக்கு எதுக்கு?"

"மந்திரிச்சதுதான சாமி, கெடுதலா செய்யப் போவுது?" என்று பொன்மணி கிண்ணத்தை நீட்டினாள்.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தடவினார். மாட்டினார். உஸ்ஸ்.

வக்கீலுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "சாமி, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பேய் ஒங்களுக்குள்ள இருக்கா, எண்ணெய்க்குள்ள இருக்கா?"

பொன்மணி வேலை பார்ப்பது பேண்டேஜ் கம்பெனியில். பையிலிருந்த வெட்டுத்துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னாள். சீறல் நின்றது. மளிகைக்கடைத் தேங்காய் எண்ணெயைத் தடவச் சொன்னாள் ஃபாயிஸா. மறுபடி உஸ்ஸ்.

"பாக்கெட் எண்ணெய்க்கும் மந்திரம் தெரியுது போல" என்றார் வக்கீல்.

"இன்னைக்குக் கிரகம் சரியில்ல" என்றார் சித்தர், மாஸ்க்குக்குள்ளிருந்து.

பொன்மணி எட்டிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள். "இந்தா, நானும் பேய் ஓட்டிட்டேன். நாளையிலருந்து நானும் கொட்டகை போடட்டுமா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்புக்குப் பின்னால் பாட்டிலுக்குக் கொடுத்த காசின் ஞாபகம் வந்தது. சித்தர் பின்வாசல் வழியாக மதுரை பஸ் ஏறினார்.

ரகசியம் இவ்வளவுதான். மாஸ்க்கின் விளிம்பு மெல்லிய சிலிக்கோன் உதடு. உள்ளே வரும் காற்றே அதைத் தோலோடு அழுத்தி ஒட்டவைக்கிறது. தோல் சுத்தமாக இருந்தால் பிடிக்கும். எண்ணெய் இருந்தால் வழுக்கும். வழுக்கிய இடத்தில் காற்று சீறும். சித்தர் நோயை மருந்தென்று விற்றார். நாம் வரிசையில் நின்று வாங்கினோம்.

இருளப்பன் மறுபடி பஸ் ஓட்டுகிறார். புளியமரம் நலம். கொட்டகைதான் காலியாக இருக்கிறது. நாம் யோசிக்காமல் இருந்தால் அடுத்தவர் வந்துவிடுவார். அதனால், இனி எந்தப் பேய் சீறினாலும் முதலில் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். சீறுவது மாஸ்க்காக இருந்தால், தலைக்கு எண்ணெய் காலையில் தேயுங்கள். படுக்குமுன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். படுத்தபடியே, மாஸ்க்கைத் தலையோடு கட்டும் வாரைச் சரிசெய்யுங்கள். விடிந்ததும் மாஸ்க்கைக் கழுவுங்கள். சீறாது.