அலட்டல் காக்கா வாய் திறக்காத நாள்

கல்முனையில் ‘அலட்டல்’ என்ற சொல்லுக்கு யாராவது அர்த்தம் கேட்டால், அலட்டல் காக்காவின் தையல் கடைக்கு அனுப்பிவிடுவோம். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கால்சட்டைக்கு அளவு கொடுக்கப் போனவன், தெருவில் எத்தனை பூனை, எந்தப் பூனைக்கு எந்த வீட்டில் சோறு என்பதெல்லாம் தெரிந்துகொண்டு வருவான். அளவு மட்டும் எடுத்திருக்க மாட்டார்.

புழுகு வேறு, அலட்டல் வேறு. புழுகு பொய். அலட்டல் யாருக்கும் தேவைப்படாத உண்மை. காக்கா பொய்யே சொல்ல மாட்டார். என் பயமே அதுதான்.

நான் பட்டம் வாங்கி வந்த வருடம், நோன்பு மாதம், சம்மாந்துறையில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணை ஏற்கெனவே பஸ்ஸில் இரண்டு தரம் பார்த்திருந்தேன். அவள் இல்லாவிட்டால் எவளும் வேண்டாம் என்ற நிலை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றிக் கடைத்தெருவில்தான் விசாரிப்பார்கள். மறுநாள் விசாரிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் உம்மா, நோன்பு திறக்க வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு காக்காவிடம் ஓடினார்.

“காக்கா, நாளைக்கு மட்டும் அலட்டாம இரிங்க. புள்ளட வாழ்க்கை.”

“அதுக்கென்ன தங்கச்சி. வாயே தொறக்க மாட்டன்.”

திறக்கவில்லை. பெண்ணின் வாப்பா, ஐம்பது ஏக்கர் வயலுள்ள போடியார், சட்டைத் துணியோடு வந்து மெல்லக் கேட்டார்.

“இந்தத் தெருவில ஒரு படிச்ச பொடியன் இரிக்கானாமே, ஆள் எப்பிடி?”

காக்கா மெஷினை மிதித்தார். போடியார் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் மெஷின்தான் பேசியது. காக்காவுக்கு வேர்த்து ஊற்றியதாம்.

மறுநாள் தரகர் வந்தார். “போடியார் வேணாமெண்டிட்டார். அலட்டல் காக்காவே வாய் தொறந்து செல்லப் பயப்பிடுற அளவுக்கு, பொடியன் என்ன செஞ்சானோ எண்டு கேக்கார்.”

கடைக்குப் பறந்தேன். “என்ட கலியாணத்தக் குழப்பிட்டீங்களே காக்கா.”

“நான் ஒண்டுமே கதைக்கல்லியே மனே.”

“அதுதான் பிழை.”

காக்கா யோசித்தார். பெருநாளுக்குத் தைக்க மலைபோல் துணி கிடந்தது. மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். மாவடிப்பள்ளி வயல்வெளி, எதிர்க்காற்று, நோன்பு வாய். காலையில் போடியார் வீட்டில் உட்கார்ந்தவர், பின்னேரம் அசர் பாங்கு கேட்டுத்தான் எழும்பினாராம்.

ஒன்றையும் விடவில்லை. சோதனையில் முதல் தரம் பெயில். ஜும்ஆப் பிரசங்கத்தில் குறட்டை. நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. சுன்னத்துக்குப் பயந்து கோழிக்கூட்டுக்குள் ஒளிந்தது, பிடித்து இழுத்தபோது கையில் முட்டை இருந்தது, அது யாருடைய கோழி, அந்தக் கோழி பிறகு என்ன ஆனது.

போடியார் கடைசியில் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாராம்: “போதும் காக்கா. இவ்வளவு அலட்டியும் ஒரு களவு, ஒரு கெட்ட பழக்கம் வெளிய வரல்ல. பெருநாள் முடியக் கலியாணத்த வைப்பம்.”

வைத்தார்கள். வழக்கப்படி பெண் வீட்டோடு, சம்மாந்துறையில்தான் இப்போது குடியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் கல்முனைக்கு வந்தால், தைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் காக்காவின் கடையில் போய் உட்காருவேன்.

“நேரமாகிட்டே மனே, வீட்ட போகல்லியா?” என்பார்.

“அவசரமில்ல காக்கா. நீங்க அலட்டுங்க.”