வீட்டுக்குப் போன களப்பயணம்

எல்கடுவைக்குக் கீழே ஒரு தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த இராஜகுமாரி டீச்சருக்கு ஓர் ஆசை வந்தது. தரம் பத்துப் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போய் நீர்ப்பூச்சிகளைக் காட்ட வேண்டும். பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஓடை பாடசாலையின் பின்வேலிக்குக் கீழேதான் ஓடியது. அக்கரையில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம். அந்த லயத்துப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த ஓடையைக் கடந்துதான் தினமும் பாடசாலைக்கே வந்தார்கள்.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. டீச்சர் கல்வித் திணைக்கள அலுவலகத்தில் அனுமதி கேட்கப் போனார்.

வெளிக்களச் செயற்பாடுகளுக்குப் பொறுப்பானவர் உமாசுதன். யாழ்ப்பாணத்துக்காரர். அப்பழுக்கில்லாத நேர்மை. யாரிடமும் ஒரு பிளேன்டீகூட வாங்கிக் குடிக்கமாட்டார். ஆகவே அவரிடம் எதையும் பேசி எடுக்க முடியாது.

“பிள்ளையள் தண்ணிக்குள்ள இறங்குவினமோ?” என்று கேட்டார்.

“தெனமும் இறங்குறாங்க சேர். அப்படித்தான் ஸ்கூலுக்கே வர்றாங்க.”

“அது ஏழரைக்கு முந்தி. அப்ப அவை தாய் தகப்பன்ர பிள்ளையள். ஏழரைக்குப் பிறகு திணைக்களத்தின்ர பிள்ளையள். திணைக்களத்தின்ர பிள்ளை நனையக் கூடாது. பஸ் வேணும்.”

“நடந்தா ரெண்டு நிமிஷங்க சேர்.”

“நடந்து போனா அது களப்பயணம் இல்லை டீச்சர். உலாத்துறது.”

டீச்சர் விண்ணப்பத்தில் பஸ் என்று எழுதிச் சேர்த்தார்.

றஹீம் நானாவின் பஸ் அமர்த்தப்பட்டது. ஓடைக்குப் பஸ் இறங்கப் பாதை கிடையாது. எனவே அது பாடசாலையிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கி, தேயிலை ஃபெக்டரியைச் சுற்றி, மலையேறி, பாதி வகுப்பு வாந்தியெடுத்து முடித்த பிறகு அக்கரை லயத்து வாசலில் போய் நின்றது. மேற்பார்வைக்கு உமாசுதனும் முன்சீட்டில் வந்திருந்தார்.

தண்ணீர் கொட்டும் பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்த மேனகா நிமிர்ந்தாள். பஸ்ஸிலிருந்து தன் மகள் இறங்குகிறாள்.

“ஏன்டி வந்துட்ட? ஸ்கூல் லீவா?”

“டூர் வந்திருக்கோம்மா.”

“எங்க?”

“இங்கதான்.”

ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். திணைக்களத்தின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் செம்மஞ்சள் நிறத்தில் உயிர்காப்பு அங்கி மாட்டப்பட்டது. அங்கி தாடை வரை முட்டியதால் யாராலும் குனிய முடியவில்லை. குனியாமல் பூச்சியைப் பார்க்க முடியாது. பிள்ளைகள் நிமிர்ந்து நின்று எதிரே தெரிந்த தங்கள் பாடசாலையைப் பார்த்தார்கள். இயற்கைச் சூழலில் அது அழகாகத்தான் இருந்தது.

மத்தியானம் கழிந்ததும் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. லயத்துப் பிள்ளைகள் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகத் திரும்பினார்கள். உமாசுதன் கையைக் குறுக்கே நீட்டினார்.

“எங்கையிருந்து ஏத்தினமோ அங்கைதான் இறக்க வேணும்.”

“சேர், அந்தா தெரியுது பாருங்க, அதுதாங்க எங்க வீடு” என்றாள் மேனகா. “கதவு தெறந்துதான் கெடக்கு.”

“விளங்குது அம்மா. ஆனா உங்கட மகள் இப்ப பயணத்தில இருக்கிறா.”

பஸ் மறுபடியும் மலையிறங்கி, ஃபெக்டரியைச் சுற்றி, பாடசாலைக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் மலையில் மழை கொட்டித் தீர்த்திருந்தது. ஓடை செம்மண் நிறத்தில் சீறிக்கொண்டு போனது. உமாசுதன் தலைகளை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தன. பாடசாலை நேரமும் முடிந்திருந்தது. அந்தக் கணத்திலிருந்து பிள்ளைகள் மறுபடியும் தாய் தகப்பனின் பிள்ளைகளாகிவிட்டார்கள். அனைவரும் பத்திரமாகத் திரும்பினர் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, அவர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பாடசாலையில் விட்டிருந்த மோட்டர் சைக்கிளில் புறப்பட்டார். அங்கிகளும் பஸ்ஸோடு போய்விட்டன.

லயத்து ஆண்கள் கயிறு கட்டிப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அக்கரைக்கு இழுத்தார்கள். நடு ஓடையில் மேனகாவின் மகளுக்குக் கால் சறுக்கியது. தலை ஒருமுறை தண்ணீருக்குள் போய் வந்தது. கயிற்றை விடாததால் பிழைத்தாள். புத்தகப்பை போய்விட்டது. இக்கரையில் நின்ற இராஜகுமாரி டீச்சர் கடைசிப் பிள்ளை கரையேறும்வரை தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேனகா பாடசாலைக்கு வந்தாள். சண்டைக்கு வரவில்லை.

“டீச்சர், டூர்னாத்தான் பஸ் குடுப்பாங்கன்னா, தெனமும் டூர் போட்டுடுங்களேன்.”

டீச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

காலையில் லயத்து வாசலிலிருந்து பாடசாலை வரை, ‘விடியற்காலைப் பறவைகள்’. மாலையில் பாடசாலையிலிருந்து லயத்து வாசல் வரை, ‘அந்திநேரத் தவளைகள்’. மழைக்காலம் முழுவதும் இப்படியே விண்ணப்பங்கள் போயின. புறப்படும் இடம், சேருமிடம், பஸ் எல்லாம் ஒழுங்காக இருந்தன. உமாசுதன் ஒவ்வொன்றுக்கும் அனுமதி தந்தார். “டீச்சருக்கு இயற்கையில சரியான ஈடுபாடு” என்று அலுவலகத்தில் பாராட்டியும் பேசினார்.

பிள்ளைகள் நனையவில்லை. பஸ்ஸில் நன்றாகத் தூங்கினார்கள். பறவைகளையும் தவளைகளையும் பற்றிய அறிக்கைகளைப் பாட நேரத்தில் டீச்சர் உட்கார்ந்து எழுதினார். அதனால் விஞ்ஞானம் படிப்பிக்க நேரம் கிடைக்கவில்லை.

வருட முடிவில் மாவட்டத்தின் தலைசிறந்த சூழல் பாடசாலையாக அது அறிவிக்கப்பட்டது. வீட்டு வாசலிலேயே வயலும் காடும் வைத்திருக்கும் நாவுல, பல்லேகம பக்கத்துப் பாடசாலைகளுக்கு, உங்களுக்கு ஏன் இயற்கையில் அக்கறை இல்லை என்று விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. பரிசளிப்புக்கு உமாசுதனே வந்தார். எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்த அந்த நேரத்தில் டீச்சர் துணிந்து கேட்டார்.

“சேர், அந்த ஓடைக்கு ஒரு சின்னப் பாலம் போட்டுக் குடுத்தா, இந்தப் பஸ்ஸே தேவையில்லைங்க.”

உமாசுதன் உண்மையாகவே யோசித்தார். பிறகு எழுந்து மைக்கைப் பிடித்தார்.

“பாலம் வந்தா பிள்ளையள் நடந்து போயிடுவினம். களப்பயணம் நிண்டுபோகும். மாவட்டத்தில முதலாவதா வந்த திட்டத்தை நாங்களே அழிக்கலாமோ? நான் இருக்கும்வரைக்கும் இந்த ஓடைக்குப் பாலம் வராது எண்டு உறுதி சொல்லுறன்.”

முதலில் கைதட்டியவர் றஹீம் நானா. அடுத்துப் பாடசாலை அதிபர். நாளைக்கும் பஸ் வர வேண்டுமே என்று மேனகாவும் மற்றத் தாய்மாரும் தட்டினார்கள். நாளைக் காலைப் பறவைகளுக்கு உமாசுதன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்ததும், எல்லோரையும்விடச் சத்தமாக இராஜகுமாரி டீச்சரும் தட்டினார்.